கைக்கு ஏற்ற பிஸ்டல் எது? 25 மீட்டர் பிரிவுக்கு மாறும் வீரர்கள் அறிய வேண்டியவை

புது தில்லி: பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ஆம் ஆண்டு மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலப் பதக்கங்களும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் கிடைத்தவை. அதே ஒலிம்பிக்கில் அவர் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவிலும் களமிறங்கினார். வெண்கலத்துக்கான கூடுதல் சுற்றில் ஹங்கேரி வீராங்கனையிடம் பின்தங்கி நான்காம் இடம் பெற்றார். இரண்டு பிரிவுகளுக்கும் 'பிஸ்டல்' என்றே பெயர் இருந்தாலும், அவற்றில் வீரர் ஏந்தும் கருவி ஒன்றல்ல. முதலாவது, ஒவ்வொரு முறையும் சிறு ஈயக் குண்டைப் பொருத்தி, அழுத்தப்பட்ட காற்றால் சுடுவது. இரண்டாவது, வெடிமருந்துத் தோட்டாவைப் பயன்படுத்தும் அரைத் தானியங்கி பிஸ்டல்.

ஏர் பிஸ்டலில் தேர்ச்சி பெற்ற இளம் வீரர் ஒருவர் 25 மீட்டர் பிரிவுக்கு மாறும்போது, எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பதே அவரும் அவர் குடும்பமும் எடுக்கும் முதல் பெரிய முடிவு. இந்தியாவில் அந்த முடிவு தவறிப்போனால் திருத்துவது எளிதல்ல. பொருந்தாத காலணியைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுபோல், உரிமத்தில் எண் பதியப்பட்ட துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய அந்தக் கருவிக்காகச் செலவிட்ட பணமும் காத்திருந்த மாதங்களும் வீணாகும். ஆயினும் பயிற்சி மையங்களில் முதலில் எழும் கேள்வி, 'எந்த நிறுவனத்தின் துப்பாக்கி சிறந்தது?' என்பதாகவே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது வீரரின் கையை.

அரைத் தானியங்கி என்பதன் பொருள்

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளியேறும். அந்த வெடிப்பின் பின்னுதைப்பே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலின் அறைக்குள் ஏற்றிவிடும். அடுத்த குண்டுக்கு விசையை விட்டு மீண்டும் இழுக்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் தானியங்கித் துப்பாக்கிகள் இந்தியச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதங்கள். அவற்றுக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பில்லை.

போட்டியின் வேகமே இந்த அமைப்பைக் கட்டாயமாக்குகிறது. மகளிர் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவின் இரண்டாம் கட்டத்தில் இலக்கு 3 விநாடிகள் மட்டுமே காட்டப்படும். அதற்குள் தாழ்த்திய கையை உயர்த்தி ஒரு குண்டைச் சுட வேண்டும். 7 விநாடி இடைவெளிக்குப் பின் இலக்கு மீண்டும் தோன்றும். ஆடவருக்கான ரேபிட் ஃபயர் பிரிவில் வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடிகளிலும், பின்னர் 6 விநாடிகளிலும், இறுதியாக 4 விநாடிகளிலும் சுட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வென்றதும், 2018 காமன்வெல்த் விளையாட்டில் 15 வயது அனீஷ் பன்வாலா தங்கம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். நான்கு விநாடிகளில் ஐந்து குண்டுகள் எனும்போது, பிடியை நடுவில் சரிசெய்துகொள்ள எவருக்கும் அவகாசம் கிடைக்காது. முதல் குண்டின்போது கை எப்படி அமர்ந்ததோ அப்படியே ஐந்தாம் குண்டு வரை இருக்க வேண்டும்.

பிடியில் தொடங்கும் தேர்வு

தற்காப்புக்கென விற்கப்படும் பிஸ்டல்களில் தோட்டாக்களைக் கொண்ட மேகசின் பெரும்பாலும் கைப்பிடியின் உள்ளே செருகப்படும். அதனால் பிடியின் அகலமும் சாய்வும் மேகசினுக்கு ஏற்ப அமைந்துவிடும். கைதான் அதற்கு இணங்கிப்போக வேண்டும். பார்டினி, வால்தர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ் முதலிய நிறுவனங்களின் போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் மேகசின் விசைக்கு முன்புறம் உள்ளது. பின்புறம் எஞ்சும் பிடி முழுவதும் கைக்காகவே செதுக்கப்பட்ட மரத்துண்டு. விளையாட்டுத் துப்பாக்கியின் தோற்றம் பிறருக்கு விசித்திரமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

இப்பிடிகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளில் வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியே கிடைக்கின்றன. ஆனால் ஒரே அளவிலான கையுறை அணியும் இருவரின் உள்ளங்கைக் குழிவும் விரல் நீளமும் ஒன்றாக இருப்பதில்லை. அளவு சரியாக இருப்பது தொடக்கம் மட்டுமே. பொருத்தத்தைச் சோதிக்க, பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பிஸ்டலைப் பிடித்து, இலக்கை நோக்கி நின்று, கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்த வேண்டும். சில விநாடிகள் கழித்துக் கண்களைத் திறந்து பார்த்தால், 'சைட்' எனப்படும் குறிபார்க்கும் அமைப்பின் முன்முனை பின்முனையின் பள்ளத்தில் நடுவாக நிற்க வேண்டும். முன்முனை இடமோ வலமோ விலகியிருந்தாலும், பள்ளத்துக்கு மேலே எழும்பியோ கீழே புதைந்தோ இருந்தாலும் பிடி பொருந்தவில்லை என்று பொருள். ஒருமுறை சரியாக நின்றுவிட்டது என்று திருப்தியடையக் கூடாது. பத்து முறை செய்தால் பத்து முறையும் ஏறத்தாழ அதே நிலை வர வேண்டும். மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்தால் அப்போதைக்கு நேராகிவிடும். களைத்த கை ஐம்பதாவது குண்டில் தன் இயல்பான நிலைக்கே திரும்பும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சுட்டுவிரல். அதன் முதல் கணுவின் சதைப்பகுதி விசையின் மீது படிய வேண்டும். விரலின் மற்றப் பகுதி மரத்தைத் தொடவே கூடாது. தொட்டால், விசையை இழுக்கும்போது விரல் பிடியையும் சேர்த்து ஒரு பக்கம் தள்ளும். இழுப்பு நேர் பின்னோக்கி அமைய வேண்டும். சிறிய கை கொண்டவர் பெரிய பிடியைப் பயன்படுத்தும்போது விரலின் நுனி மட்டுமே விசையை எட்டும். எட்டுவதற்காக அவர் உள்ளங்கையைச் சற்றே பக்கவாட்டில் சுழற்றிப் பிடிப்பார். குழலின் நேர்கோட்டிலிருந்து முன்கை அப்போதே விலகிவிடும். பயிற்சி மையங்களின் பொதுத் துப்பாக்கிகளில் நடுத்தர, பெரிய பிடிகளே பொருத்தப்பட்டிருக்கும் இடங்களில், சிறுமியரும் மெலிந்த கை கொண்டோரும் மாதக்கணக்கில் இந்தத் தவறான நிலையைப் பழகிவிடுகின்றனர். விசையின் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி பல மாதிரிகளில் இருந்தாலும், கையைவிட மிகப் பெரிதான பிடியை அந்த வசதி ஈடுசெய்யாது.

எனவே அனுபவம் வாய்ந்தோர் கூறும் யோசனை ஒன்று பின்பற்றத்தக்கது: துப்பாக்கிக்கு முன்பாகப் பிடியை வாங்குவது. போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் பிடியைக் கழற்றி மாற்றுவது எளிது. மையத்தின் பிஸ்டலுக்குப் பொருந்தும் பிடி ஒன்றைத் தம் கையளவில் வாங்கி, பயிற்சிக்கு வரும்போது அதைப் பொருத்திக்கொண்டால், உரிமமும் துப்பாக்கியும் கைக்கு வரும் முன்பே பாதிப் பொருத்தம் முடிந்துவிடும். பிற்காலத்தில் அதே மாதிரித் துப்பாக்கியை வாங்கினால் அந்தப் பிடியே தொடரும். கை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் 14, 15 வயதினருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

வாங்கிய பிடியையும் அப்படியே விட்டுவிடுவோர் குறைவு. உறுத்தும் இடத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்தும், இடைவெளி உள்ள இடத்தில் மரப்பசைக் கலவை பூசியும் சிறிது சிறிதாகத் திருத்துவர். ஒரே நாளில் அதிகம் தேய்ப்பது ஆபத்து. உள்ளங்கைக்கு அடியில் தாங்கும் பலகையை மேலேற்றி இறுக்கினால் கை அசையாது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. மிகையாக இறுக்கினால் நாடித்துடிப்பே முன்முனையில் தெரியத் தொடங்கும். விதிகளும் எல்லை வகுக்கின்றன. பிடியின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. மணிக்கட்டுக்கு எவ்விதத் தாங்குதலும் கூடாது.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களை வலக்கைக்கு மாற்றத் தேவையில்லை. ஹங்கேரியின் கரோலி தகாச் 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்த பின், இடக்கையால் பயின்று 1948 மற்றும் 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ரேபிட் ஃபயர் தங்கம் வென்றார். எந்தக் கை என்பதைவிட, எந்தக் கண்ணால் குறி பார்க்கிறார் என்பதைப் பயிற்சியாளர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வலக்கையால் சுட்டு இடக்கண்ணால் குறி பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் தலையைச் சாய்க்காமல் இருக்க, பிடியின் கோணத்திலும் நிற்கும் முறையிலும் மாற்றம் தேவைப்படும்.

எடையும் சமநிலையும்

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி 25 மீட்டர் பிரிவுகளுக்கான பிஸ்டலின் எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது. நீளம் 300 மி.மீ., உயரம் 150 மி.மீ., அகலம் 50 மி.மீ. கொண்ட பெட்டிக்குள் அது அடங்க வேண்டும். பிஸ்டலை ஒற்றைக் கையால், வேறெந்தத் தாங்குதலும் இன்றி நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். ஒரு போட்டியில் 60 குண்டுகள். முன்னதாகச் சரிபார்ப்புக் குண்டுகள். கடையிலோ நண்பரின் வீட்டிலோ ஒருமுறை தூக்கிப் பார்த்து 'எடை பரவாயில்லை' என்று முடிவு செய்வது இதனால்தான் பிழையாகிறது. அரைமணி நேரப் பயிற்சிக்குப் பின் தோள் என்ன சொல்கிறது என்பதே கணக்கு.

முன்பக்கம் எடை கூடிய பிஸ்டல் நிதானமாக நிற்கும், சுட்டபின் குழல் அதிகம் துள்ளாது. ஆனால் கீழிருந்து விரைவாக உயர்த்தி நிறுத்தும்போது அதே எடை இலக்கைத் தாண்டி மேலே இழுத்துச் செல்லும் அல்லது சிறிய தோளைச் சோர்வடையச் செய்யும். முன்பகுதியில் சிறு எடைக்கட்டிகளைச் சேர்க்கவும் நீக்கவும் இடமளிக்கும் மாதிரிகள், உடல் வளரும் பருவத்தினருக்குப் பொருத்தமானவை. எடையைக் குறைவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம்.

விசையும் நம்பகத்தன்மையும்

ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலில் இது 1,000 கிராம். போட்டிக்கு முன் நடக்கும் கருவிச் சோதனையில், குழலைச் செங்குத்தாக நிறுத்தி விசையில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டு இதைச் சரிபார்ப்பர். ஏர் பிஸ்டலில் பழகிய விரலுக்கு இந்த இருமடங்கு எடையே முதல் அதிர்ச்சி. விசையைச் சட்டப்படியான எடைக்கு மிக நெருக்கமாக வைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் எழும். தேய்மானத்தால் சில கிராம் குறைந்துவிட்டால் சோதனையில் சிக்கல் வரும் என்பதால், சற்றுக் கூடுதலாக வைப்பதே நடைமுறை அறிவு.

இயந்திர விசை, மின்னணு விசை என இரு வகைகள் உள்ளன. மின்னணு விசை ஒவ்வொரு முறையும் ஒரே சீராக விடுபடும். அதே வேளையில் மின்கலனையும் மின்சுற்றையும் நம்பியிருக்க வேண்டும். பழுதானால் பார்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் கருவி நடுவில் பழுதடைந்தது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் மதிப்புமிக்க நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடமே கிடைத்தது. முதல் எட்டுப் பேருக்கு மட்டுமே இறுதிச் சுற்று. உலகத் தரமான கருவியும் உச்ச ஆயத்தமும் இருந்த இடத்திலேயே இது நேர்ந்தது என்பதை, சிறு நகரத்திலிருந்து தனியாகப் போட்டிக்குச் செல்லும் வீரர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பற்றிய கேள்வியை வேறு வடிவில் கேட்பது பயன் தரும். தம் மையத்தில் அல்லது மாநிலத்தில் அதே மாதிரியை எத்தனை பேர் வைத்திருக்கின்றனர்? துப்பாக்கி ஊசி, சுருள்வில், கூடுதல் மேகசின் ஆகியவை எவ்வளவு காலத்தில் கிடைக்கும்? அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் யார்? உலகின் முன்னணி மாதிரிகளுக்கு இடையே துல்லியத்தில் உள்ள வேறுபாடு, வளரும் வீரரின் கை நடுக்கத்தைவிட மிகச் சிறியது. உதிரிப் பாகத்துக்காக ஒரு பருவம் முழுவதும் காத்திருப்பது அப்படிச் சிறியதல்ல.

தோட்டாவையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும். இப்பிரிவுகளுக்கு .22 எல்.ஆர். தோட்டாவே பயன்படுகிறது. அரைத் தானியங்கிக் கருவி அதன் பின்னுதைப்பால் இயங்குவது. ஆகவே வலுக்குறைந்த தோட்டா அடுத்ததை ஏற்றாமல் நின்றுவிடலாம். ஒரு பிஸ்டலில் தடையின்றி ஓடும் தோட்டா வகை மற்றொன்றில் சிக்குவது இயல்பு. வாங்கும் முன், தமக்குத் தொடர்ந்து கிடைக்கக்கூடிய தோட்டாவைக் கொண்டே சுட்டுப் பார்ப்பது நல்லது. போட்டியில் கோளாறு ஏற்பட்டால் வீரர் கையை உயர்த்தி அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கருவியின் குற்றம் எனில் விதிப்படி வாய்ப்பு உண்டு, தோட்டா நிரப்ப மறந்தது போன்ற வீரரின் பிழை எனில் சுடாத குண்டுகளுக்குப் பூஜ்யம்தான். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் பயிற்சியையும் எல்லா .22 பிஸ்டல்களிலும் செய்யக் கூடாது. ஊசி குழலறையின் விளிம்பில் மோதிச் சேதம் விளைவிக்கலாம். அதற்கென வசதி உள்ள மாதிரியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறிபார்க்கும் அமைப்பில் பின்பள்ளத்தின் அகலத்தை மாற்றும் வசதி இருந்தால் போதும். துப்பாக்கியில் உருப்பெருக்கி, ஒளிப்புள்ளி முதலியவற்றுக்கு அனுமதியில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முன்முனை தெளிவாகத் தெரியும்படி கண்ணாடி அணியலாம். இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதே சரி.

உரிமமும் சட்டமும்

4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. .22 பிஸ்டலுக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். பொதுவாக 21 வயது நிறைந்தவர்களே துப்பாக்கி உரிமம் பெற இயலும். அதற்குக் கீழ்ப்பட்ட வீரர்கள் பயிற்சிக்கெனச் சட்டம் அளிக்கும் தனி ஏற்பாடுகளின் கீழ் மட்டுமே துப்பாக்கியைக் கையாளலாம். 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தனிநபர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது. விளையாட்டு வீரர்களுக்கு 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் தனி விலக்கு அளித்தது. சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் கூடுதல் துப்பாக்கிகள் வைத்திருக்கவும்,.22 தோட்டாக்களின் ஆண்டு அளவை 1,000-லிருந்து 5,000-ஆக உயர்த்தவும் அது வழிசெய்தது. 1951-இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைஃபிள் சங்கமும் அதன் மாநிலக் கிளைகளும் வீரரின் தகுதியைச் சான்றளிக்கின்றன. இறக்குமதி முயற்சியும் அவ்வழியாகவே செல்ல வேண்டும்.

தற்காப்பு உரிமத்தில் வாங்கக்கூடிய .32 பிஸ்டலைக் கொண்டே விளையாட்டையும் தொடங்கிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். 25 மீட்டர் மகளிர் பிரிவிலும் ரேபிட் ஃபயரிலும் .22 மட்டுமே ஏற்கப்படும். சென்டர் ஃபயர் என்ற பிரிவில் .32 தோட்டாவுக்கு இடமுண்டு என்றாலும், அதற்கெனவே அமைந்த போட்டிப் பிஸ்டலுடன் சட்டைப்பைக்கு ஏற்ற குறுங்குழல் பிஸ்டல் ஈடுகொடுக்காது.

பயன்படுத்திய துப்பாக்கியை வாங்குவோர், இரு தரப்பு உரிமங்களிலும் மாற்றம் பதிவாகும் வரை கருவியைக் கைமாற்றக் கூடாது. குழலின் தேய்மானத்தையும், மேகசின்கள் அனைத்தும் தோட்டாவைத் தடையின்றி ஏற்றுகின்றனவா என்பதையும் சுட்டுப் பார்த்து அறிவதோடு, முந்தைய உரிமையாளர் பிடியை எவ்வளவு தேய்த்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் கைக்கேற்பக் குடைந்த பிடி புதியவருக்குப் பயன்படாது. அதன் விலையையும் சேர்த்தே பேரம் பேசுவது முறை.

புதிய கருவி கைக்கு வந்தபின் முதல் சில வாரங்களுக்குப் புள்ளிகள் குறைவது வழக்கம். அந்தக் காலத்தில் பிடி, விசை, எடை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். ஒரு மாற்றத்தைச் செய்து, குறைந்தது சில பயிற்சி நாள்கள் அதே நிலையில் சுட்டு, குண்டுகள் விழுந்த இடங்களைக் குறித்துவைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். திருத்தம் முடிந்த பிஸ்டலைப் போட்டிக்குக் கொண்டுசெல்வதற்கு முன், தம் மாநிலச் சங்கத்தில் ஒருமுறை எடையும் பெட்டி அளவும் சரிபார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. பூசிய மரப்பசை அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் 50 மி.மீ. அகலப் பெட்டி அதை ஏற்காது.